மணம் உடைந்த நாவலும் 17ஆம் பக்கமும்: சொந்தமாக நாவல் வெளியிடுகிறவர்களுக்கு

என் முதல் நாவல் அச்சாகி வந்த அன்று, கட்டைப் பிரித்து மேலே இருந்த பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எல்லாரும் செய்வதுதான். அப்புறம் முதல் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "அப்பாவின் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவள் மணம் உடைந்துபோனது." மனம் இல்லை, மணம். மூன்று சுழி.

மொத்தம் 500 பிரதி. 500இலும் மூன்று சுழி.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. 18 வருஷமாக மற்றவர்கள் புத்தகத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துச் சம்பாதிக்கிறவள், சொந்தப் புத்தகத்தின் வாசற்படியிலேயே வழுக்கி விழுந்தேன். பத்து நாள் கழித்து ஒரு வாசகர் எழுதினார்: "கதாநாயகிக்கு முதல் கல்யாணம் எப்போது நடந்தது என்று 80ஆம் பக்கம் வரை தேடிக்கொண்டே போனேன், மேடம்." அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தேடியிருக்கிறார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று நாவல்களை நானே வெளியிட்டிருக்கிறேன். நான்கு புத்தகங்களில் பட்ட அடிகளை உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். எழுதுகிற ஆளும் வெளியிடுகிற ஆளும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுதுகிறவளின் ஆசைக்காக வெளியிடுகிறவள் 500 பிரதி அடித்துவிடுகிறாள். வெளியிடுகிறவள் பார்க்க வேண்டிய விற்பனைக் கணக்கை எழுதுகிறவள் பார்த்துவிட்டு மூன்று நாள் ஒரு வரி எழுதாமல் கிடக்கிறாள். இப்போது இருவரையும் பிரித்துவைத்திருக்கிறேன். காலையில் எழுத்து. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் நான் பதிப்பாளர். கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமை வேலைகள்.

மெய்ப்பு

அந்த மூன்று சுழி எப்படி வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். நாவல் முழுவதையும் மூன்று முறை மெய்ப்பு பார்த்து முடித்தாகிவிட்டது. கோப்பை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முந்தின இரவு, தொடக்கம் சப்பென்று இருக்கிறதே என்று முதல் பத்தியை மட்டும் மாற்றி எழுதினேன். அந்தப் பத்தியைத்தான் யாரும் பார்க்கவில்லை. ஆகவே, கடைசி மெய்ப்புக்குப் பிறகு கை வைத்த எந்த வரியையும் இன்னொருவர் கண் படாமல் அனுப்பாதீர்கள். ஒரு காற்புள்ளியை மாற்றியிருந்தாலும் சரி.

மெய்ப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கதை, அப்புறம் வாக்கியம், கடைசியில்தான் எழுத்து. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுத்துப் பிழையையெல்லாம் திருத்தி முடித்த பிறகு ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுதினால், புதிதாக எழுதியதில் புதுப் பிழைகள் குடியேறிவிடும்.

கதைப் பிழை என்று நான் சொல்வது எது தெரியுமா? என் இரண்டாவது நாவலின் அச்சுப்படியைத் தங்கை மகளிடம் கொடுத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தாள்.

"பெரியம்மா, அந்த வக்கீல் பன்னிரண்டாவது அத்தியாயத்திலேயே செத்துட்டாரே?"

"ஆமாம், லாரியில் அடிபட்டு."

"அப்போ இருபதாவது அத்தியாயத்துல கதவைத் திறக்கிறது யாரு?"

வக்கீலேதான். மூன்றாவது வரைவில் அவரைக் கொன்றிருந்தேன். முதல் வரைவில் அவர் திறந்த கதவு அப்படியே கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். பாத்திரத்தின் பெயர், வயது, எந்த அத்தியாயத்தில் என்ன கிழமை, யார் எப்போது செத்தார். அதே தாளின் பின்பக்கத்தில் நான் கடைப்பிடிக்கிற எழுத்து வழக்கம்: 'போலீஸ்' நெடில், 'கோர்ட்' என்றால் எல்லா இடத்திலும் 'கோர்ட்', 'கொண்டிருந்தான்' சேர்த்தே. சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரே பக்கத்தில் 'போலீஸ்', 'போலிஸ்' இரண்டும் இருந்தால் வாசகருக்கு இந்தப் புத்தகத்தை யாரும் கவனமாகப் பார்க்கவில்லை என்று தோன்றிவிடும். சொந்த வெளியீடு என்றாலே அந்தச் சந்தேகத்தோடுதான் பலர் கையில் எடுக்கிறார்கள்.

எழுத்துப் பிழைக்கு வருவோம். நாம் எழுதியதை நாமே படிக்கும்போது, எழுத நினைத்தது மனத்தில் இருப்பதால் தாளில் இருப்பது கண்ணில் படுவதில்லை. அதனால் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டுப் படியுங்கள். பழகிய பக்கம் வேறு முகம் காட்டும். செல்போனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விட்டுப்போன சொல்லும் இரண்டு முறை வந்த சொல்லும் காதில் இடறும். ஆனால் ண, ன பிழை காதில் சிக்காது. சொல்திருத்தியும் காப்பாற்றாது, ஏனென்றால் மணம், மனம் இரண்டுமே சரியான சொற்கள். அதற்கு நான் கண்டுபிடித்த வழி முரட்டு வழிதான். மனம் – மணம், கரை – கறை, வலி – வழி, அரம் – அறம், பரவை – பறவை, அலை – அழை என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு சொல்லையும் கோப்பில் தேடி, வருகிற இடத்தையெல்லாம் ஒரு முறை பார்ப்பது. ஒரு மாலைப் பொழுது போகும். போகட்டும்.

முன்வாசகர்களிடம் கொடுக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பார்கள், அவ்வளவுதான். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். தூக்கம் வந்தது, போன் வந்தது என்று காரணம் சொல்வார்கள். காரணம் வேண்டாம், பக்க எண் போதும். மூன்று பேர் ஒரே இடத்தில் போனை எடுத்திருந்தால் அங்கே வேலை இருக்கிறது.

மௌனம் கிடைக்காத கதை

இரண்டாவது நாவலின் தலைப்பில் 'மௌனம்' என்ற சொல் உண்டு. மின்னூலாக ஏற்றி இரண்டு மாதம் ஆகியும், தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சுட்டி கொடுத்தால் கிடைத்தது, பெயர் போட்டுத் தேடினால் இல்லை. திரையில் எழுத்தெல்லாம் சரியாகவே தெரிந்தது. கடைசியில், தலைப்பை நகலெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டி, 'மௌ'வுக்குப் பக்கத்தில் பின்னழிப்பை (பேக்ஸ்பேஸ்) ஒரு முறை தட்டினேன். 'ம' மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியது 'மெ'.

அதாவது, மௌ என்ற ஒரே உயிர்மெய்க்குப் பதில் மெ, ள என்று இரண்டு எழுத்தை அடித்து வைத்திருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு சொல். ஔ வருகிற எல்லா இடத்திலும் இந்தப் பொறி இருக்கிறது: கௌ, சௌ, பௌ. தனி ஔவையே ஒ, ள என்று அடிக்கிறவர்கள் ஏராளம். துணைக்காலுக்குப் பதில் ர அடிப்பது இன்னொன்று. புத்தகத்துக்குள் இருந்தால் அசிங்கம், அவ்வளவுதான். தலைப்பிலோ உங்கள் பெயரிலோ இருந்தால் புத்தகம் இருப்பதே தெரியாமல் போகும். ஏற்றுவதற்கு முன் தலைப்பையும் பெயரையும் பின்னழிப்பு தட்டிச் சோதியுங்கள். ஒரு நிமிஷ வேலை. இரண்டு மாத மௌனம் மிச்சம்.

மின்னூலில் பத்தியை இருபுறமும் ஒட்டி அடுக்குவதும் தமிழுக்கு அவ்வளவாகச் சரிப்படாது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே சொல் செல்போன் திரையின் வரி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் வரி இரண்டு சொல்லோடு பல்லிளித்துக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் மட்டும் ஒட்டினால் கண்ணுக்கு இதம்.

ஃபாரம், முதுகு, எண்ணிக்கை

மொத்தமாக ஆஃப்செட்டில் அடிப்பதாக இருந்தால் சேர்த்து அச்சிட்டு மடிக்கிற 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கு பொதுவாக வரும். என் முதல் நாவல் லேஅவுட் முடிந்தபோது 209 பக்கம். 13 ஃபாரம் என்றால் 208. மிஞ்சிய ஒரு பக்கத்தில் நான்கே வரி. அந்த நான்கு வரிக்காகக் காகிதமும் மடிப்பும் கூடுதலாகும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். எழுதுகிறவள் கேட்டால் அழுவாள். பதிப்பாளராக உட்கார்ந்து நாவல் முழுக்கத் தேடி, ஒற்றைச் சொல் மட்டும் தனி வரியில் தொங்குகிற பத்திகளில் ஒவ்வொரு சொல்லாக உருவினேன். ஏழு பத்தியில் ஏழு வரி மிச்சமானது. நாவலுக்கு எந்தக் குறையும் வரவில்லை என்பதோடு, அந்த ஏழு சொல்லும் தேவையே இல்லாதவை.

பிழையைத் திருத்திப் போட்ட மறுபதிப்பில் எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டினேன். 208 பக்கம் 232 ஆனது. பழைய அட்டையையே அனுப்பிவிட்டேன். 24 பக்கம் என்பது 12 தாள். க்ரீம் நிறத் தாளில் அது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்கு முன்னட்டையின் சிவப்பு, புத்தகத்தின் முதுகில், அதாவது அலமாரியில் அடுக்கினால் தெரிகிற ஓரத்தில், எட்டிப் பார்த்தது. பக்க எண்ணிக்கை இறுதியான பிறகுதான் முதுகின் அகலம். முதுகு இறுதியான பிறகுதான் அட்டை. இந்த வரிசை மாறினால் பணத்தோடு போகும். தேவைக்கு ஏற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடுகிற முறையிலும் இதே கதைதான். அமேசானின் சொந்த வெளியீட்டுத் தளமான கேடிபியில் முதுகில் எழுத்து போட வேண்டும் என்றாலே ஏறக்குறைய 80 பக்கமாவது இருக்க வேண்டும். மின்னூல் அட்டைக்கு முதுகு இல்லை, 2560க்கு 1600 பிக்சல் இருந்தால் போதும். ஆனால் அதை உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வாசகர் முதலில் பார்க்கப்போவது அந்த அளவில்தான். தலைப்பு அப்போதும் படிக்கக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒரு பதிப்பை அடையாளம் காட்டுகிற சர்வதேச எண், பற்றி ஒரு வார்த்தை. 2007 முதல் அது 13 இலக்கம். அச்சுப் பதிப்புக்கு ஒன்று, மின்னூலுக்குப் போடுவதாக இருந்தால் வேறொன்று. தளங்கள் இலவசமாகத் தருகிற எண்ணைப் பொதுவாக அந்தத் தளத்துக்கு வெளியே பயன்படுத்த முடியாது. நாளைக்கு வேறு அச்சகத்தில் அடிக்க நினைத்தால் எண்ணும் மாறும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் மட்டும் வருகிற மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை.

எத்தனை பிரதி அடிப்பது? இதில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள், நானும் கவிழ்ந்தேன். 300 பிரதிக்கும் 500க்கும் இடையே மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு பிரதிக்கு ஆகிற அடக்கம் 500இல் குறையும். கணக்கைக் கேட்டவுடன் 500 என்று வாய் சொல்லிவிடும். விற்காத 200 பிரதியின் அடக்கம் எவ்வளவு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

செலவுக் கணக்கு என்றதும் எனக்கு ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நினைவுதான் வரும். 1843இல் 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையைத் தன் செலவில் அச்சிட ஏற்பாடு செய்துகொண்டார். லாபத்தில் பெரும்பங்கு தனக்கு வர வேண்டும் என்பது கணக்கு. வண்ணப் படங்கள், பொன்னெழுத்து அட்டை என்று இழைத்து இழைத்துச் செய்துவிட்டு, விலையை மட்டும் ஐந்து ஷில்லிங்குக்கு இறக்கி வைத்தார். டிசம்பர் 19இல் வெளியான 6,000 பிரதியும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துபோயின. கைக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்தது 1,000 பவுண்டு. முதல் கணக்கில் வந்தது 230. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அட்டை மேல் இருந்த ஆசை லாபத்தைத் தின்றிருக்கிறது. பொன்னெழுத்தில் தலைப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம் இந்த 230ஐ ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்வேன். இருந்தாலும் மூன்றாவது நாவலுக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மின்னூல் பணம்

கிண்டில் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராயல்டி என்பது விலையில் உங்களுக்கு வருகிற பங்கு. 70 சதவீத ராயல்டி, 35 சதவீத ராயல்டி என்று இரண்டு வழி. அமெரிக்கக் கடையில் மின்னூலின் விலை 2.99 டாலர் முதல் 9.99 டாலருக்குள் இருந்தால்தான் 70. அதிலும் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு விநியோகச் செலவைக் கழித்துக்கொள்வார்கள். நாவலுக்குள் பெரிய படங்களைப் போட்டிருந்தால் சுருக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் போகும். பணம் கைக்கு வருவது அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான். இந்த 60 நாள் தெரியாததால்தான் முதல் புத்தகம் போட்டவர்கள் இரண்டாவது மாதமே மனம் விட்டுவிடுகிறார்கள்.

கேடிபியின் செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால், கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாவைக் கட்டிப் படிக்கிறவர்கள் படிக்கிற பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். 2015 ஜூலையிலிருந்து இப்படிப் பக்கக் கணக்கு. ஒரு முறை சேர்ந்தால் 90 நாள். அதில் ஐந்து நாள் வரை இலவசமாகக் கொடுக்கலாம். அந்த 90 நாளும் மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. நாவலைத் தொடராக இணையத்தில் எழுதியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

17ஆம் பக்கம்

பக்கக் கணக்கு வரத் தொடங்கியதும் என்ன ஆகும் என்று சொல்கிறேன். தினமும் ஒரு வரைபடம் வரும். நேற்று எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று நீலக் கம்பம் நிற்கும். என் மூன்றாவது நாவல் அந்தக் கணக்கில் 241 பக்கம். வெளியான முதல் வாரம் உறவினர், நண்பர், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சந்தாவில் எடுத்துப் படித்தார்கள். கம்பங்கள் உயர்ந்தன. எனக்கும் தலை கொஞ்சம் உயர்ந்தது. இரண்டாவது வாரம் தரை. சொந்தக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள், வேறொன்றும் இல்லை. இந்த இரண்டாவது வாரம் எல்லாருக்கும் வரும். வருவதற்கு முன்பே தெரிந்திருந்தால் அடி குறைவு.

ஆறாவது வாரத்தில் ஒரு காலை, கம்பம் சரியாக 241இல் நின்றது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் ஒரே நாளில் முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்கிறார். மூன்று பேர் ஆளுக்கு 80 சொச்சம் படித்திருக்கவும் கூடும், அதை நான் யோசிக்க விரும்பவில்லை. அன்று முழுக்க யாரோ ஒருவர் தலையணையில் சாய்ந்துகொண்டு என் புத்தகத்தைப் படிப்பது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் கம்பம் 17.

அதற்கு மறுநாள் பூஜ்யம். அதற்கு அடுத்த நாளும் பூஜ்யம். யாரோ 17 பக்கம் படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். மின்னூலின் பக்கக் கணக்கும் அச்சுப் பக்கமும் ஒன்றில்லை. படித்ததெல்லாம் அன்றன்றே கணக்கில் ஏறும் என்றும் இல்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. தோராயமாகக் கணக்குப் போட்டு அந்த இடத்துக்குப் போனேன். கதாநாயகி தாத்தாவின் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாள். சாவி கொடுக்கும்போது பழைய ஞாபகம். அந்த ஞாபகத்துக்குள் இன்னொரு ஞாபகம். ஒன்றரைப் பக்கம் அந்தக் கடிகாரம் ஓடுகிறது, கதை நிற்கிறது. எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்திருந்த பகுதி. தங்கை மகளுக்குப் போன் செய்து, "நீ எந்தப் பக்கத்துல கீழே வெச்சே?" என்று கேட்டேன். "கடிகாரத்துல, பெரியம்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல."

மின்னூலில் இதுதான் வசதி. கடிகாரத்தை நான்கு வரியாக்கி அன்றே புதுக் கோப்பை ஏற்றினேன். அச்சுப் பிரதிகளில் அது இன்னும் ஒன்றரைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாரம்தான் சனிக்கிழமை ஏற்பாடு வந்தது. வரைபடத்தைத் தினமும் பார்த்தால் எழுத்து ஓடாது. பார்க்காமலே இருந்தால் கடிகாரம் தெரியாது. வாரம் ஒரு முறை பார்த்து, எண்களை நோட்டில் எழுதி, மூடிவிடுகிறேன். செல்போனில் அந்த வரைபடத்தைக் காட்டுகிற செயலியை எடுத்துவிட்டேன். இதைச் செய்ய எனக்கு மூன்று முறை முயற்சி தேவைப்பட்டது.

விமர்சனம்

பதில் எழுதாதீர்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் இதேதான். "விரையமாக்கிய மூன்று மணி நேரம்" என்று ஒருவர் என் புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். 'விரையம்' இல்லை, 'விரயம்' என்று திருத்திப் பதில் அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். அந்த அளவுக்குத் தன்மானம் மிச்சமிருந்தது. உறவினர்களை விமர்சனம் எழுதச் சொல்லாதீர்கள். நெருங்கியவர்கள் எழுதுவதை அமேசான் விதியே அனுமதிப்பதில்லை. நான் உனக்கு எழுதுகிறேன், நீ எனக்கு எழுது என்ற பண்டமாற்றும் அப்படித்தான்.

பிடிஎஃப்

என் இரண்டாவது நாவல் ஒரு குழுவில் பிடிஎஃபாக உலவுவதை யாரோ அனுப்பிவைத்தார்கள். கீழே 40 பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் நாவல் விற்றது 11. முதலில் ஆத்திரம், அப்புறம் 40 பேர் என்ற எண்ணைப் பார்த்து ஓர் அற்ப சந்தோஷம், அப்புறம் அந்தச் சந்தோஷத்தின் மீதே ஆத்திரம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். குழு இருக்கிற தளத்தில் காப்புரிமை மீறல் என்று புகார் செய்யும் படிவம் இருக்கும். நூலின் சொந்தச் சுட்டியையும் திருட்டுச் சுட்டியையும் கொடுத்து அனுப்புங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுபடி வேறெங்காவது முளைக்கும். மாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதற்குச் செலவழிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மேலே சொன்ன அதே கரோல் கதையைத் திருடி அச்சிட்டவர்கள் மேல் டிக்கன்ஸ் 1844இல் வழக்குப் போட்டு ஜெயித்தார். திருடியவர்கள் திவால் என்று கையை விரித்துவிட்டார்கள். சுமார் 700 பவுண்டு வழக்குச் செலவு அவர் தலையில் விழுந்தது. லாபம் 230, வழக்கு 700.

உங்கள் நாவல் தேர்வாகியுள்ளது

புத்தகம் வெளியான சில மாதத்தில் இப்படி ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் எழுத்தில் அபூர்வமான ஒளி, உலகம் முழுக்கக் கொண்டுபோகிறோம், திரைப்படமாகவும் வாய்ப்பு உண்டு, சிறு தொகை மட்டும் முன்பணம். எனக்கு வந்ததில் கதாநாயகியின் பெயர்கூடச் சரியாக இருந்தது, அதனால் அரை நாள் நம்பினேன். மூன்று கேள்வி கேட்டு அனுப்புங்கள்: புத்தகத்தில் எந்தப் பகுதி பிடித்தது, உரிமை யார் பெயரில் இருக்கும், பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகும். நேராகப் பதில் வராது. உங்கள் புத்தகத்தை நிஜமாகவே வெளியிட விரும்புகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். லேஅவுட், அட்டை, மெய்ப்பு என்று வேலைக்குக் கூலி கேட்கிறவர்கள் வேறு. அவர்கள் உரிமையைக் கேட்க மாட்டார்கள். யாருக்குக் கொடுத்தாலும் திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் அட்டையின் மூலக் கோப்பு இன்றுவரை என்னிடம் இல்லை. வடிவமைத்தவர் தொழிலை விட்டுவிட்டார்.

கட்டிலுக்கு அடியில்

500இல் எவ்வளவு விற்றது என்று கேட்பீர்கள். முதல் வருஷம் 212. பிறகு சொட்டுச் சொட்டாக. நூலகங்களுக்குக் கொடுத்தது 60. மீதி ஐந்து கட்டாகக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. "இந்தக் கட்டை எடுத்தால்தான் பெருக்க முடியும்" என்று வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை சொல்வார். மறுபதிப்பு வந்த பிறகு பழையதை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவைத்திருந்தேன். அடுத்த புத்தகம் போட்டால் முந்தின புத்தகம் கொஞ்சம் நகரும் என்பது மட்டும் என் அனுபவத்தில் உண்மை. மூன்றாவது வந்ததும் முதலாவதில் 31 போனது. ஒன்றைப் பிடித்தவர்கள் மற்றதைத் தேடி வருகிறார்கள். அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் மற்ற புத்தகங்களின் பெயரைப் போடுங்கள். 'மௌ' சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

போன மாதம் தங்கை மகள் வந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டே, "பெரியம்மா, மறுபதிப்பு வேண்டாம். அந்தப் பிழை இருக்கிற பிரதி எனக்கு ஒண்ணு வேணும், உங்க கையெழுத்தோட" என்றாள். கையெழுத்துப் போட்டேன். கொடுப்பதற்கு முன், கை தானாகப் பக்கத்தைத் திருப்பி, மூன்றாவது வரியில் மூன்று சுழியை அடித்து, ஓரத்தில் ரெண்டு சுழி ன போட்டது.

"ஐயோ பெரியம்மா, அதுக்காகத்தானே கேட்டேன்!"

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு, இந்த முறை பேனாவை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.